திறந்து நிற்கும் சிறு வாயில்

கலஹாவின் தேயிலை மலைகளிற் கொழுந்து பறிப்போர் எடையின் அருமையை நன்கறிவர். மடுவத்தின் தராசில் ஏறும் கூடைக்கு 700 கிராம் ஒரு பொருட்டன்று. ஆயின், மாதம் நிறையாமற் பிறக்கும் மகவொன்றின் முழு எடையே அவ்வளவாக இருத்தலுண்டு. அத்தகைய மகவின் இருதயத்தருகே திறந்து நிற்கும் ஒரு சிறு வாயிலை, மார்பைக் கீறாமலே மூடும் கலை இன்று மனிதனுக்குக் கைவந்துள்ளது.

அவ்வாயில் யாது? கருவிலிருக்கும் சிசு காற்றைச் சுவாசிப்பதில்லை. ஆதலின், சுவாசப்பைக்குச் செல்லும் குருதியைப் பெருநாடிக்குத் திருப்பிவிட இயற்கை ஓர் இணைப்புக் குழாயை அமைத்துள்ளது. நிறைமாதக் குழந்தை பிறந்து மூச்செடுத்தபின், சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகள் பலருக்கோ அது திறந்தே நிற்கும். அப்பொழுது குருதி எதிர்த்திசையிற் பாய்ந்து சுவாசப்பையை நிறைக்கும், இருதயம் களைத்துவிடும். கருவில் உயிர் காத்த வழியே பின்னர் உயிருக்கு இடராகின்றது.

1938 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ரொபேட் குரோஸ் என்னும் வைத்தியர் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பைத் திறந்து, அக்குழாயைக் கட்டி மூடினார். அது பெருஞ்சாதனையே. ஆயினும், உள்ளங்கையளவு குழந்தைக்கு மார்பைத் திறப்பது கடுஞ்சோதனை. 1976 இல் இண்டோமெதசின் என்னும் மருந்து குழாயைச் சுருங்கச் செய்வது அறியப்பட்டது. எனினும் அது எல்லாக் குழந்தைகளுக்கும் பலனளிக்கவில்லை.

இதற்கிடையே மற்றொரு பாதையும் உருவாகி வந்தது. 1929 இல் ஜெர்மனியின் இளம் வைத்தியர் வேர்ணர் போர்ஸ்மன், கதீற்றர் எனப்படும் மென்குழாயைத் தம் கைந்நாளத்தினூடே தமது இருதயம் வரை செலுத்திப் படம் எடுத்துக் காட்டினார். அன்று பெரிதும் போற்றப்படாத அத்துணிவுக்கு 1956 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1967 இல் பெர்லின் நகரின் வேர்ணர் போர்ஸ்ற்மன் என்னும் வேறொரு வைத்தியர், கதீற்றர் வழியே அடைப்பான் ஒன்றைச் செலுத்தி, திறந்து நின்ற இணைப்புக் குழாயை மூடியதை உலகுக்கு அறிவித்தார். அவர் கையாண்ட கருவி சிறு குழந்தைகளுக்குப் பொருந்தாத அளவு பருமனானது. அது சுருங்க அரை நூற்றாண்டு சென்றது. 700 கிராம் எடையுள்ள குழந்தைக்கும் ஏற்ற, பட்டாணியினும் சிறிய உலோக வலை அடைப்பானுக்கு 2019 சனவரியில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. தொடையின் நாளத்தில் நுழையும் நுண்குழாய், இருதயத்தின் வலப்புறத்தைக் கடந்து, அடைப்பானை உரிய இடத்திற் சேர்க்கின்றது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது வேண்டுவதன்று. காத்திருப்பதா, மருந்தா, கருவியா எனத் தேர்ந்து தெளிதலே வைத்தியரின் திறம்.

கலஹாவிலிருந்து இறங்கும் பாதை பேராதனைப் பல்கலைக்கழகத்தினூடே செல்கின்றது. பேராதனையிற் சிறுவர்க்கென்றே ஒரு வைத்தியசாலையும் உண்டு. ஆயினும், காலத்திற்கு முன்னரே வலி கண்ட தாயை உரிய வேளையில் வைத்தியசாலை சேர்ப்பாரின்றேல், எத்துணை நுண்ணிய கருவியும் பயன் தராது. பொஸ்ரனிலும் பெர்லினிலும் வளர்ந்த கலை மலைநாட்டு மகவைக் காக்க வேண்டுமாயின், அதற்கான முதலடி லயத்து வாசலிலேயே எடுத்து வைக்கப்படுதல் வேண்டும்.