பழைய கடனைக் கேட்டு வசூல் ஏஜென்ட் வந்தால் என்ன செய்வது?

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயலில் பலரும் வேலைக்காக தினமும் ரயிலில் பெங்களூரு போய் வருகிறார்கள். வருமானம் தடைபட்டு, கடன் தவணை நின்றுபோன வீடுகளும் உண்டு. பல வருஷம் கழித்து ஏஜென்ட் வந்து, "இன்னைக்கு ஐநூறாவது கட்டுங்க, இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்றால், பேனாவைத் தொடும் முன் தேதியைப் பாருங்கள்.

கடனுக்குக் கெடு உண்டா?

உண்டு. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பகுதித் தொகை கட்டி, அது உங்கள் கையெழுத்தோடு பதிவானாலும் அப்படியே. கெடு முடிந்த பிறகு "கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால், அது புது ஒப்பந்தமாகிவிடும்.

கெடு தாண்டினாலும் கடன் அழிந்துவிடாது. சிபில் அறிக்கையில் அது பாதிப்பை ஏற்படுத்தலாம். ஏற்கெனவே தீர்ப்பு வாங்கியிருந்தால், அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. எனவே கோர்ட் நோட்டீஸ் வந்தால் அலட்சியம் வேண்டாம்.

இறந்துபோன அப்பாவின் கடன்?

அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால் கதை வேறு.

எந்த நேரத்தில் வரலாம்?

ரிசர்வ் வங்கி விதிப்படி, காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்காக போன் செய்யக் கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு இது காலை 9, மாலை 6. மிரட்டுவதும், உறவினர், அக்கம்பக்கத்தார் முன் அவமானப்படுத்துவதும் கூடாது. சிறு கடன் வசூலில் அடாவடியைத் தடுக்க கர்நாடகம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த அவசரச் சட்டம், 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது.

யாரிடம் முறையிடுவது?

முதலில் ஏஜென்டின் அடையாள அட்டை, நிறுவனம் கொடுத்த அனுமதிக் கடிதம், கடன் கணக்கு விவரம் மூன்றையும் கேளுங்கள். புகாரை நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. மிரட்டினால் நேராக போலீஸில் புகார் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

கட்ட வேண்டிய கடன் என்று உறுதியானால், மொத்தமாக எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்பதை நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டினால் ரசீது, முடித்தால் 'பாக்கி இல்லை' சான்று: இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.