அழுக்கு மூட்டைக்குள் ஓர் அரசன்

1600-ல் ஜப்பானில் செகிகஹாரா யுத்தம். மறைந்த தலைவர் ஹிடெயோஷியின் வாரிசு, ஏழு வயதுப் பையன். அவனைக் காப்பதாகச் சத்தியம் செய்திருந்த இயேயசு, எதிரணித் தளபதி ஒருவர் கட்சி மாறியதில் ஜெயித்தார். 1603-ல் தானே ஷோகன் ஆனார். 1615-ல் அந்த வாரிசும் காலி!

நம்மூரிலும் இப்படியொரு கதை உண்டு. 1614-ல் விஜயநகர அரசர் ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு தீர்த்துக் கட்டினார் ஜக்கராயர். ஒரு மகன் மட்டும் தப்பினான், சலவைத் தொழிலாளியின் அழுக்கு மூட்டைக்குள்! ஏற்பாடு, தளபதி யாச்சம நாயக்கர்.

1616-ல் திருச்சி அருகே தோப்பூரில் போர். கம்பம் பள்ளத்தாக்கு வரை ஆண்ட மதுரை நாயக்கர், ஜக்கராயர் கட்சி. தஞ்சை ரகுநாத நாயக்கர், பையன் கட்சி. ஜக்கராயர் செத்தார். பையனுக்கு முடிசூட்டினார்கள். யாச்சமர் சிம்மாசனத்தில் உட்காரவில்லை.

இயேயசு வம்சம் 1867 வரை ஆண்டது. யாச்சமரை? தேனியில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். விசுவாசத்துக்குச் சரித்திரம் தரும் சம்பளம் அவ்வளவுதான்!