கட்டியும் குருதி நாளமும்

1960-ஆம் ஆண்டையொட்டி, நெடும் பிரயாணக் கப்பல்களில் கெடாமல் வைத்திருக்கத்தக்க இரத்தப் பதிலி ஒன்று அமெரிக்கக் கடற்படைக்குத் தேவைப்பட்டது. அதைத் தேடும் பணியில் பெதஸ்டா நகரின் கடற்படை மருத்துவ நிலையத்தில் அமர்த்தப்பட்ட ஜூடா ஃபோக்மன் என்னும் இளம் அறுவை வைத்தியர், தம் சகா ஃபிரடெரிக் பெக்கருடன் சேர்ந்து, முயலின் தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, ஹீமோகுளோபின் கரைசலைச் செலுத்தி அதன் ஜீவனைக் காத்து, அதனுள் புற்றணுக்களை இட்டுப் பார்த்தார். கட்டிகள் முளைத்தன, ஆயினும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவை எட்டியதும் அப்படியே நின்றுவிட்டன. மாண்டுபோயின என்று கருதவும் இடமில்லை. அவற்றையே எடுத்து எலியின் உடலில் பதித்தபோது தங்குதடையின்றிப் பெருத்தன. எலியின் தேகத்தில் இருந்து, கண்ணாடிக் கலத்தில் இல்லாதுபோனது எது? கட்டியை நாடிப் புதிதாகக் கிளைக்கும் இரத்த நாளங்களே என்று ஃபோக்மன் முடிவு செய்தார்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை வைத்தியராக உயர்ந்த பின், 1971-இல், கட்டியே ஏதோ ஒரு திரவியத்தைச் சுரந்து நாளங்களைத் தன்பால் அழைக்கிறது என்றும், அத்திரவியத்தைத் தடுத்தால் கட்டி ஆகாரமின்றி ஒடுங்கும் என்றும் அவர் எழுதியபோது, நிபுணர்களிற் பலர் அதைச் சட்டை செய்யவில்லை. கட்டியைச் சூழ்ந்த நாளங்கள் வெறும் அழற்சியின் விளைவு என்பதே அக்காலத்துப் பொது அபிப்பிராயம். 1983-இல் ஹெரால்ட் துவோராக் குழுவினரும், 1989-இல் நெப்போலியோன் ஃபெராராவும் தனித்தனியே கண்ட புரதங்கள் நாளங்களைக் கிளைக்கத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற ஒரே புரதம் எனத் தெளிந்த பிறகே அந்த அலட்சியம் அகன்றது. அப்புரதத்தை முடக்கும் பெவாசிசுமாப் மருந்து 2004-இல் அங்கீகாரம் பெற்றது. பெருங்குடற் புற்றுநோயாளிகளின் ஆயுளை அது நீட்டியது மெய்தான். ஆனால் சராசரியாகச் சில மாதங்களே.

இதற்கிடையில், ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்துக்கு வெகு தொலைவில்லாத ஹார்வர்டில், புற்றுநோயைப் பற்றிச் சிந்தனையே இன்றி, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவினப் பிராணி ஒன்றின் வளர்ச்சியை விக்டர் ஆம்ப்ரோஸ் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் ஆக்காமல், 22 எழுத்துகளே கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கை மட்டும் ஆக்குவதையும், அத்துணுக்கு வேறொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டி அதன் புரத உற்பத்தியை அடக்குவதையும் அவரும் கேரி ருவ்கனும் 1993-இல் வெளியிட்டனர். மனிதரிலும் உள்ள லெட்-7 என்ற துணுக்கை ருவ்கன் 2000-இல் கண்டறியும்வரை, அது புழுவுக்கே உரிய விசித்திரமாகக் கருதப்பட்டது. 2024-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்விரண்டு வரலாறுகளும் 2006-இல் பென்சில்வேனியாவில் சந்தித்தன. எலியின் பெருங்குடற் கட்டிகளில், மிக் என்ற புற்றுநோய் மரபணு மிர்-17-92 எனப்படும், இத்தகைய துணுக்குகளான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் தொகுதியை மிகுதியாக்குகிறது என்றும், நாள வளர்ச்சிக்கு இயற்கையிலேயே விரோதியான திராம்போஸ்பாண்டின் புரதத்தை அத்தொகுதி ஒடுக்குகிறது என்றும் அங்குள்ளோர் காட்டினர். ஃபோக்மன் தேடியது அழைக்கும் திரவியத்தை. இங்கு வெளிப்பட்டதோ, அழைப்பதோடு நில்லாமல் வாசற்காவலனையும் அகற்றும் உபாயம். தொடர்ந்து, நாளச் சுவரின் அணுக்களிலேயே செறிந்திருக்கும் மிர்-126, வி.இ.ஜி.எஃப்.-இன் சமிக்ஞையைத் தடுக்கும் புரதங்களை அடக்கி அச்சமிக்ஞைக்கு வழிவிடுவது 2008-இல் தெரியவந்தது.

எனினும் இத்துணுக்குகளை நண்பர் என்றும் பகைவர் என்றும் பிரித்துவிட ஆசைப்படுவோருக்கு 2009-ஆம் ஆண்டின் ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வு சங்கடம் தருகிறது. கட்டியணுவில் நாளங்களை வளர்த்த அதே தொகுதியைச் சேர்ந்த மிர்-92அ, நாளச் சுவரின் அணுக்களில் மிகுந்தபோது வளர்ச்சியைத் தடுத்தது. அதை முடக்கியதும், இரத்த ஓட்டம் குன்றிய எலியின் காலிலும் இருதயத்திலும் புதிய நாளங்கள் தோன்றின.