வயலினைத் தாங்குறது யாரு?

வயலின்ல இடது கை விரல் சரளமா ஓட சாதகம் மட்டும் போதாதுங்க, அந்தக் கைக்கு வேற சுமையும் இருக்கக்கூடாது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுல வயலினைத் தாங்குறதுலயும் இடது கைக்குப் பங்கு உண்டு. மேலே போன கை கீழே இறங்கினா வயலின் நழுவப் பார்க்கும். அதனாலதான் கை எந்த இடத்துல இறங்கலாம்னு லியோபோல்ட் மோட்சார்ட் 1756ல் தன் பாடநூல்ல பக்குவமா சொல்லித் தர்றார்.

1820 வாக்குல ஜெர்மன் வித்வான் லூயி ஸ்போர் சின் ரெஸ்ட், அதாவது தாடையை வைக்கிற கட்டையைக் கொண்டுவந்தார். கைக்கு விடுதலை!

கர்நாடக சங்கீதத்துல வழியே வேற. தரையில உட்கார்ந்து, வயலின் தலையை வலது பாதத்துல ஊன்றி, மறுமுனையை மார்போட சேர்த்துக்கறாங்க. பாரம் காலுக்குப் போயிடுது. கமகத்துக்கு இடது கை தாராளமா வழுக்கிட்டுப் போகும்.

விரலைத் திட்டுறதுக்கு முன்னாடி, பாரம் எங்கே இருக்குன்னு பாருங்க மக்களே!