கோப்பி விழுங்கிய காடு

மலையகப் புகையிரதத்தில் யன்னலோரம் அமர்ந்து, "எவ்வளவு பசுமை!" என்று வியப்போரைப் பலமுறை கண்டிருக்கிறேன். செய்தி சேகரிக்க முதன்முதலாக அட்டனுக்குச் சென்றபோது நானும் அப்படித்தான் வியந்தேன். அப்பசுமை ஒரு பெருங்காட்டின் சமாதி என்பதைப் பின்னர் வரலாற்று நூல்களைப் புரட்டியபோதே உணர்ந்தேன்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் இல்லாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் சொத்தாகக் கொள்ள வழிசெய்தது. அந்நிலங்களைத் துரைமார் வாங்கினர். தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தொழிலாளர் கோடரி பிடித்தனர். சரிவிலுள்ள மரங்களைப் பாதிவரை வெட்டிவிட்டு, உச்சியிலுள்ள பெருமரத்தைச் சாய்ப்பார்கள்; அது கீழுள்ள அனைத்தையும் வீழ்த்திக்கொண்டு சரியும். பின்னர் தீ வைப்பார்கள். 1870களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது.

1869இல் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்லி என்ற அறிஞர் அப்பூஞ்சணத்துக்கு 'ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். பின்பாதிப் பெயரின் பொருள், 'பாழாக்குவது'. 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். அதன் வித்துகள் காற்றில் பறக்கின்றன. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே செடி நிற்பதே அவற்றுக்கு வாய்ப்பு என்பது அவரது முடிவு.

ஆம், காட்டில் பல்வகை மரங்கள் இருந்திருந்தால் ஒரு மரத்தின் நோய் அடுத்ததைத் தொட அலைந்திருக்கும். கோப்பித் தோட்டத்தில் அதற்கு அலைச்சலே இல்லை.

கோப்பி வீழ்ந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. துரைமாருக்குக் கடன், கூலிப் பாக்கியுடன் நின்ற தொழிலாளருக்குப் பசி. ஆனால் படித்த பாடம் என்ன? 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. எஞ்சியிருந்த காட்டுக்குள்ளும் ஏறியது. பயிர் மாறியதே அன்றி முறை மாறவில்லை. 1946இல் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தபோது வரலாறு மீண்டும் கதவைத் தட்டியது.

1853இல் விவரிக்கப்பட்ட ஒரு சிறு மரத்தவளை, அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்ததாகவே எழுதிவிட்டார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் காணப்பட்டது. அக்காடு வெட்டப்படாது எஞ்சியிருந்தமையால் அது பிழைத்தது. ஏனைய மலைகளில் எரிந்த காடுகளோடு பெயரிடப்படாமலே போன உயிர்கள் எத்தனையோ! அவற்றுக்கு மரண அறிவித்தல் எழுத எந்தப் பத்திரிகையாளனாலும் இயலாது.

தோட்டங்களுக்கிடையே இன்றும் ஓடைக்கரைகளில் சிறுசிறு காட்டுத் துண்டுகள் நிற்கின்றன. அவற்றை வெறும் பற்றைக்காடு என்று எவரேனும் சொன்னால், 1869ஐ நினைவூட்டுங்கள்.