ஒளிச்சீப்பின் நடுக்கம் அடங்கிய வரலாறு

அளவுகோல் ஆடினால் அளவும் ஆடும். துணி அளக்கும் கோலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, ஒளியின் அதிர்வை அளக்கும் கருவிக்கும் பொருந்தும். லேசர் அதிர்வெண் சீப்பு என்னும் கருவி பிறந்த கதையைவிட, அதன் நடுக்கம் அடக்கப்பட்ட கதையே மாணவர்க்கு எடுத்துரைக்கத் தக்கது என்பது என் கருத்து.

கண்ணுக்குப் புலனாகும் ஒளி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 500 இலட்சம் கோடி முறை அதிர்கிறது. அதை நேரே எண்ணவல்ல மின்கருவி இல்லை. நுண்ணலைகளையோ எண்ணலாம். 1967ஆம் ஆண்டில் விநாடிக்கு இலக்கணம் வகுத்த அறிஞர்கள், சீசியம் அணுவுக்குரிய நுண்ணலை 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி என்றனர். ஆனால் அந்த நுண்ணலைக்கும் ஒளிக்கும் இடையே ஐம்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட பள்ளம் கிடந்தது.

அதைத் தாண்ட முதலில் ஏணி கட்டினர். ஒரு லேசரின் அதிர்வெண்ணைப் பன்மடங்காக்கி, அடுத்த லேசருடன் ஒப்பிட்டு, படிப்படியாக ஏறினர். 1972இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கென்னத் ஈவன்சனும் சகாக்களும் இவ்வழியே அகச்சிவப்பு ஒளியை எட்டி, ஒளியின் வேகம் விநாடிக்கு 299,792,456.2 மீட்டர் எனக் கண்டனர். கண்ணுக்குப் புலனாகும் ஒளிவரை ஏணி முறையாக எட்டியது 1996இல், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில். ஆயினும் ஒரு நிறத்துக்குக் கட்டிய ஏணி மற்றொரு நிறத்துக்கு உதவாது.

வேறொரு வழியை ஜெர்மானிய அறிஞர் தியடோர் ஹென்ஷ் நாடினார். லேசர் ஒளியைச் சீரான இடைவெளியில் துடிப்புத் துடிப்பாக விட்டால், அதனுள் அடங்கிய அதிர்வெண்கள் சீப்பின் பற்களைப்போல் சம இடைவெளியில் அமையும். 1978இல் ஸ்டான்போர்டில் அவர் குழுவினர் சோடிய அணுவை ஆராய இத்தகைய சீப்பைக் கையாண்டனர். ஆனால் அது குறுகிய சீப்பு. பற்களின் தொடக்கமும் தெரியாதது.

ஒரு சீப்பை அறிய இரண்டு எண்கள் போதும். ஒன்று பற்களின் இடைவெளி. மற்றொன்று, சுழியத்திலிருந்து சீப்பு எவ்வளவு விலகி நிற்கிறது என்னும் விலகல். இடைவெளியை எளிதில் எண்ணலாம். விலகலை எவ்வாறு அறிவது?

ஆர்மோனியத்தில் கீழ் ஸ்தாயி ஸ்வரத்தின் அதிர்வெண்ணை இரட்டித்தால் மேல் ஸ்தாயி ஸ்வரம் கிடைக்கும். சுருதி சற்றுப் பிசகினால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் விம்மல் கேட்கும். சீப்பின் சிவப்புப் பல்லை இரட்டிக்கும்போது அதன் விலகலும் இரட்டிக்கிறது. இருமடங்கு எண்ணுள்ள நீலப் பல்லிலோ ஒரே விலகல்தான். இரண்டையும் மோதவிட்டால் எழும் விம்மலே அவ்விலகல்! இதற்குச் சீப்பு ஒரு முழு ஸ்தாயி அகலம் விரிய வேண்டும். 1999இல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் காற்றுத் துளைகள் நிறைந்த கண்ணாடி இழையால் அதற்கு வழி காட்டினர். 2000ஆம் ஆண்டில் போல்டரில் ஜான் ஹால் உள்ளிட்ட குழுவும், மியூனிக்கையடுத்த கார்ஷிங்கில் ஹென்ஷ் குழுவும் விலகலைப் பிடித்து நிறுத்தின. 2005இல் நோபெல் பௌதிகப் பரிசின் பாதியை இவ்விருவரும் பகிர்ந்துகொண்டனர். மறுபாதி ராய் கிளாபருக்குச் சென்றது.

எனினும் நடுக்கம் ஓயவில்லை. காற்றோட்டம், வெப்பமாற்றம், கண்ணாடிகளின் அதிர்ச்சி, லேசருக்கு ஊட்டும் ஒளியின் ஏற்றத்தாழ்வு ஆகிய யாவும் சீப்பை ஆட்டுகின்றன. ஒளியின் குவாண்டம் இயல்பால் எழும் இரைச்சலையும் கண்ணாடி இழை பெருக்கிவிடுகிறது என்றும், துடிப்பு குறுகினால் அது குறையும் என்றும் 2003இல் தெரியவந்தது. பற்கள் பத்துக் கோடி அதிர்வு இடைவெளியில் நிற்பதாகக் கொள்வோம். ஒளி சுமார் ஐம்பது இலட்சமாவது பல்லில் நிற்கும். இடைவெளியில் ஆயிரத்திலொரு அதிர்வு பிசகினால், ஒளியில் 5,000 அதிர்வு பிசகும்.

மின்னழுத்தத்தால் நீளும் படிகத்தில் கண்ணாடியைப் பொருத்தி இடைவெளியைத் திருத்தினர். ஊட்டும் ஒளியைக் கூட்டிக் குறைத்து விலகலைத் திருத்தினர். ஆனால் திருத்துவதற்கு ஆதாரம் எது? நுண்ணலையை ஆதாரமாகக் கொண்டால் அதன் பிழை மேலே பெருகும். ஒளியையே ஆதாரமாகக் கொண்டால் பிழை கீழே வகுபடும். ஆகவே மிக அமைதியான லேசர் ஒன்றுடன் ஒரு பல்லைப் பூட்டினர். அத்தகைய லேசர் 1999இல் போல்டரில் ஜேம்ஸ் பெர்க்விஸ்ட் குழுவினரால் ஆக்கப்பட்டது. அதன் ஒளி, அகலத்தில் விநாடிக்கு ஓர் அதிர்வுக்கும் குறைவு. நில அதிர்ச்சி எட்டாதபடி அக்கருவி இருந்த மேசையை ரப்பர்க் குழாய்களில் தொங்கவிட்டிருந்தனர்! ரப்பரின் நெகிழ்வைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு விளக்க வேண்டுவதில்லை.

பயன் விரைவில் கிட்டியது. 2001இல் ஒற்றைப் பாதரச அயனியைக் கொண்ட ஒளிக்கடிகாரம் சீப்பின் துணையால் ஓடியது. 2008இல் அலுமினியம், பாதரசம் ஆகிய இரு கடிகாரங்களின் விகிதம், ஏறத்தாழ 190 கோடி கோடியில் ஒரு பங்கே பிழையுடன் அளக்கப்பட்டது. 2011இல் ஒளியைச் சீப்பால் வகுத்து, அதுகாறும் கண்டிராத அமைதியுள்ள நுண்ணலையையும் போல்டரில் பெற்றனர். எண்ண முடியாத ஒளியை எண்ண நுண்ணலையிலிருந்து புறப்பட்ட பயணம், ஒளியால் நுண்ணலையைத் திருத்துவதில் வந்து நின்றது.

புதியது காண்பவரைப் போற்றும் நாம், கண்டதை ஆடாமல் நிறுத்தியவர்களையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்த வேண்டும். அவர்களுடைய பொறுமையில்லாவிடில் ஒளிச்சீப்பு ஒரு வேடிக்கைப் பொருளாகவே நின்றிருக்கும், அளவுகோல் ஆகியிராது.