இளவேனிலுக்கு ஒரு சட்டை

பங்குனி பிறந்ததும் ஐரோப்பிய, வட அமெரிக்கப் பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழும்: இளவேனிலுக்கு எந்த ஜாக்கெட்டைத் தெரிவு செய்வது? கனத்த குளிரங்கியைக் களையும் அளவுக்கு வெயில் வந்துவிட்டது. மெல்லிய உடையுடன் வெளியே நடமாடும் அளவுக்குக் குளிர் போகவில்லை. அந்த இடைக்காலத்துக்கான உடுப்பைப் பற்றியதே அக்கேள்வி.

கிளிநொச்சிக்குத் தென்மேற்கே, அக்கராயன் குளத்தை அண்டிய ஸ்கந்தபுரத்திலும் இளவேனில் உண்டு. தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் மாதங்கள். ஆனால் வன்னியில் அது குளத்து நீர் இறங்கி, சோளகம் புழுதியை வாரி வீசும் காலம். அங்கும் அதே கேள்வி எழுகிறது. சித்திரைப் புதுவருடத்துக்கும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலுக்கும் சேலை எடுக்கும் பெண்கள், அதற்கு எந்தத் துணியில், எந்த வெட்டில் சட்டை தைப்பது என்று யோசிக்கிறார்கள். இது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நமது பெண்கள் எல்லோருக்கும் எப்போதும் இருந்ததில்லை. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். யாழ்ப்பாண வழியினர் ‘சட்டை’ என்பர். படித்தவர்கள் ‘பிளவுஸ்’ என்பர். மூத்த தலைமுறையிடம் ‘ரவிக்கை’ இருந்தது. தமிழகத்தில் ‘ஜாக்கெட்’ என்றால் சேலையுடன் அணியும் மேற்சட்டைதான். 1958 இலும் 1977 இலும் நிகழ்ந்த இனவன்முறைகளின் பின்னர் மலையகத் தமிழர் பலர் வன்னியில் குடியேறினர். அவர்களோடு ‘ஜாக்கெட்’ என்ற சொல்லும் வந்தது. கிளிநொச்சிப் பக்கத்துத் தையற்கடைகளில் ஒரே உடுப்பை ஒருவர் சட்டை என்றும் மற்றவர் ஜாக்கெட் என்றும் கேட்பதை நான் செவிமடுத்திருக்கிறேன். ஒரு கிராமத்துக்கு யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அறிய இத்தகைய சொற்கள் உதவும்.

தைத்த மேலாடை தமிழருக்கு முற்றிலும் புதியதன்று. ‘கச்சு’, ‘மெய்ப்பை’, ‘குப்பாயம்’ ஆகியன பழைய நூல்களில் காணப்படும் சொற்களே. ஆயினும் அன்றாட வாழ்வில் பெண்களில் பெரும்பாலோர் தைக்காத துணியையே உடுத்தினர். ஈழத்தில் ‘குறுக்குக்கட்டு’ என்ற பெயரில் அது வழங்கியது. மார்புக்கு மேலாகத் துணியைச் சுற்றிக் கட்டும் இம்முறையைக் கிணற்றடியில் இன்றும் காணலாம். வெப்பமான நாட்டில் அது வெட்கத்துக்குரியதாகக் கருதப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. வங்காளத்தில் சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதாநந்தினி தேவி, பம்பாயில் பார்சிப் பெண்கள் உடுத்தும் முறையைக் கண்டு, சேலையுடன் உட்பாவாடையும் சட்டையும் அணியும் வழக்கத்தை 1860 களில் பரப்பினார். அக்காலச் சட்டைகள் விக்டோரியா அரசி காலத்து ஆங்கிலப் பெண்களின் உயர்ந்த கழுத்தையும் நீண்ட கையையும் பின்பற்றின. இலங்கையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநகாரிக தர்மபாலர், சிங்களப் பெண்கள் ஐரோப்பிய உடையைக் கைவிட்டுச் சேலைக்குத் திரும்ப வேண்டுமெனப் பிரசாரம் செய்தார். யாழ்ப்பாணத்தில் 1816 இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். எழுத்தோடும் வேதாகமத்தோடும் ஊசியும் நூலும் அங்கு பாடமாயின. 1877 இல் சிங்கர் நிறுவனம் கொழும்பில் கால்பதித்தது. தவணை முறையில் பணம் கட்டித் தையல் இயந்திரம் வாங்கும் வழக்கம் வரவே, சட்டை தைப்பது நடுத்தர வீடுகளின் கைத்தொழிலாயிற்று.

இதுவரை சொன்னது வசதி படைத்தோரின் வரலாறு. அவர்கள் எதை அணிவது என்று தெரிவு செய்தார்கள். வேறு சிலரோ, அணியலாமா கூடாதா என்பதற்கே போராட வேண்டியிருந்தது.

தென் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை வாசகர்கள் அறிவர். அங்கு கிறிஸ்தவத்தைத் தழுவிய நாடார் பெண்கள், சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற குப்பாயத்தை அணியலாமென 1814 இல் அரசு அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மேற்சேலையைத் தோளில் போடக்கூடாது என்றது. 1829 இன் அரச பிரகடனமும் அதையே கூறிற்று. கலவரங்களின் பின்னர், சென்னை ஆளுநர் சார்ள்ஸ் ட்ரெவெலியனின் அழுத்தத்தினால் 1859 ஜூலையில் வெளியான பிரகடனம், எல்லா மதத்து நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாமென ஒப்புக்கொண்டது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடை வெறும் துணிக்கு அன்று. அதை அணியும் பாணிக்கே. இன்று நாம் நாகரிகம் என்று சொல்லும் அதே பாணி அன்று சாதியின் எல்லைக்கல்லாக நாட்டப்பட்டிருந்தது.

திருவிதாங்கூரைப் பற்றிப் பேசும் நாம், யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறோம். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணியக்கூடாது, ஆண்கள் தோளில் சால்வை போடக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் நமது ஊர்களிலும் இருந்தன. அவற்றை எந்த அந்நியனும் விதிக்கவில்லை. பாடசாலைகளில் சம ஆசனம் கேட்டு 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த பிணக்கும், 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் நமது வரலாற்றில் பதிவாகியுள்ளன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்கள் அந்த வாழ்வைச் சொல்லின. ஆனால் எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தப் பெண் முதன்முதலாகச் சட்டை அணிந்து தெருவில் நடந்தாள் என்பதை எழுதி வைக்க நம்மில் எவரும் முயலவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருந்த நாங்களும் அதைச் செய்தியாகக் கருதவில்லை.

வன்னிக் குடியேற்றங்களின் முக்கியத்துவத்தை இந்தப் பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். குளங்கள் புனரமைக்கப்பட்டுக் காடுகள் கழனிகளானபோது, காணியற்றவர்கள் குடாநாட்டிலிருந்தும் பின்னர் மலையகத்திலிருந்தும் இங்கு வந்தனர். வன்னியில் சாதி ஒழிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புதிய ஊரில் பழைய ஊரின் காவலர்கள் குறைவு. யாருடைய பேத்தி எந்தச் சட்டை அணிகிறாள் என்று வேலிக்கு மேலால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோர் குறைந்தனர். சந்தைக்கும் பாடசாலைக்கும் எல்லோரும் ஒரே விதமான சட்டையில் வந்தனர்.

பின்னர் போர் இந்த ஊரை வேறொரு விதத்தில் மாற்றியது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தனர். அவர்களிற் பலர் வன்னியை வந்தடைந்தனர். 1996 இல் ‘சத்ஜெய’ நடவடிக்கையின் போது கிளிநொச்சி நகரும் பெயர்ந்தது. அக்கராயனும் ஸ்கந்தபுரமும் மல்லாவியும் திடீரெனச் சனம் நிரம்பிய இடங்களாயின. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் சீமெந்துக்கும் தடை விதிக்கப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. அக்காலத்தில் இடம்பெயர்ந்த சனத்திடையே, தையல் இயந்திரத்தின் கால்மிதியை விட்டுவிட்டுத் தலைப்பகுதியை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிச் சென்றவர்களைக் கண்டிருக்கிறேன். வந்த இடத்தில் மரப்பலகையில் பூட்டிக் கையால் சுழற்றித் தைத்தார்கள். பழைய சேலையின் முந்தானை சட்டையாயிற்று. கிழிந்த சட்டையின் நல்ல பகுதி குழந்தையின் சட்டையாயிற்று. 2008 இன் இறுதி மாதங்களில் ஸ்கந்தபுரம் மீண்டும் வெறுமையாகியது. அம்முறை பலரால் இயந்திரத்தின் தலையைக்கூடக் கொண்டுசெல்ல முடியவில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. மீள்குடியேறிய பெண்களுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன. அடுத்து ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயத்துடன் தெற்கில் வேரூன்றிய தொழில் இது. 1992 இல் பிரேமதாச அரசு இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற வேளையில் வன்னி போருக்குள் இருந்தது. போரின் பின்னரே மாஸ் நிறுவனத்தின் ‘வானவில்’, ‘விடியல்’ தொழிற்சாலைகள் கிளிநொச்சி மாவட்டத்தில் எழுந்தன. ஆடைத் தொழிலில் ஒரு பருவத்துக்கான உடுப்பைப் பல மாதங்களுக்கு முன்பே தைத்து அனுப்பிவிட வேண்டும். எனவே குளிர் நாடுகளின் இளவேனில் உடுப்புகள் கப்பலேறும் நாட்களில் வன்னியில் மாரி மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த உடுப்பின் நிறத்தையும் கைநீளத்தையும் தீர்மானிப்பவர்கள் வேறு கண்டத்தில் இருக்கிறார்கள். தைக்கும் பெண் மாதச் சம்பளத்தில் தனது சித்திரைச் சட்டைக்குத் துணி வாங்குகிறாள். அதன் கைநீளத்தை அவளே தீர்மானிக்கிறாள்.

எப்படிப்பட்ட சட்டை பொருந்தும் என்று கேட்டால், அனுபவசாலியான தையற்காரர்கள் சொல்வதையே நானும் சொல்வேன். வன்னி இளவேனிலுக்குப் பருத்தியே உகந்தது. மெல்லிய வாயில் துணியில் உட்துணி வைக்காமல் தைக்கலாம். துணி ஊடுதெரிவதாயின் அதே நிறத்துப் பருத்தியை மட்டும் உட்துணியாக வைக்க வேண்டும். முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கை, வெயிலுக்கும் கோயிலுக்கும் ஏற்றது. அக்குளில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். தையலின் உள்ளே பிரித்துவிட இரண்டு விரற்கடைத் துணி விட வேண்டும். சேலையின் நிறத்தையே தேட வேண்டியதில்லை. கரையிலுள்ள ஒரு நிறம் போதும். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருப்போர் சித்திரைப் புதுவருடத்துக்குச் சேலை உடுத்தும்போது குளிர் இன்னும் விலகியிராது. அவர்கள் இடுப்பளவில் நிற்கும், முன்புறம் திறந்த மெல்லிய கம்பளி ஜாக்கெட்டைத் தெரிவு செய்தால் கொய்யகம் குலையாது. நீண்ட மேலங்கி அதை நசுக்கிவிடும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இடப்பெயர்வுகளில் வன்னிக் குடும்பங்களின் படத்தொகுப்புகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. வெளிநாடுகளில் உள்ள உறவினரிடம் மட்டுமே சில படங்கள் எஞ்சியுள்ளன. உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ சட்டை அணிந்திருக்கும், அல்லது அணியாதிருக்கும் பழைய படம் ஏதும் இருந்தால், அதன் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். அவர் எப்போது, யாருடைய எதிர்ப்பின் மத்தியில் முதன்முதலாகச் சட்டை அணிந்தார் என்பதைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் உயிரோடு இருந்தால், இந்தச் சித்திரைக்குள் அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.